பானட்டுக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை

என் காரின் பானட்டை நான் முதன்முதலாகத் திறந்தது, அதைப் பழைய வண்டியாக வாங்கி ஒன்பது வருஷம் கழித்து. அதுவும் ஆசைப்பட்டுத் திறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பும் வழியில், இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில், ஒரு வேப்பமரத்தடியில் வண்டி நின்றுபோனது. மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

நின்றுபோனது என்று சொன்னால் அது வண்டிக்குச் செய்யும் அநியாயம். நிறுத்தியது நான். என் மனைவி சரோஜா போன் பண்ணினாள். ஓட்டும்போது பேசக் கூடாது என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, "சொல்லு" என்றேன். வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டுமாம். பேசி முடித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். மறுபடி ‘டக்’. சட்டத்தை மதிக்கிறவன் படும் பாட்டைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு வாரம் எழுதியாகிவிட்டது.

நடுரோட்டில் கார் நின்றால் நம் ஊரில் தனியாக இருக்க முடியாது. ஆடு ஓட்டி வந்தவர் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, முதலில் பானட்டைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். உத்தரவுக்குக் கீழ்ப்படிவது எனக்குப் பழக்கம். சீட்டுக்கு அடியில் தடவி ஒரு கொக்கியை இழுத்தேன். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்ததும் முன்னால் ‘படக்’ என்றது.

தூக்கிப் பார்த்தேன். கருநீல வண்டி. பானட்டின் உள்பக்கம் இருபத்திரண்டு வருஷத்துப் புகையும் ஆயிலும் படிந்து பள்ளிக்கூடக் கரும்பலகை கணக்காக இருந்தது. அதில் சாக்பீஸால் யாரோ நிறைய எழுதியிருந்தார்கள்.

உச்சியில் பெரிய எழுத்தில்: ‘பேட்டரி ஓகே. செல்ஃப் ஓகே. இன்ஜின் டைட். மெக்கானிக் பார்க்க.’

அதற்குக் கீழே, சாய்ந்த எழுத்தில்: ‘இன்ஜின் வெண்ணெ மாதிரி சுத்துது. வயரிங் தெரிஞ்ச ஆள்ட்ட காட்டவும்.’

அதற்கும் கீழே, மறுபடி பெரிய எழுத்து: ‘ஆக்ஸிலேட்டர் ஒயர் ரெண்டு தடவ மாத்தியும் இறுகுதுன்னா, மாத்துன கையத்தான் மாத்தணும்.’

சாய்ந்த எழுத்து பதில் சொல்லியிருந்தது: ‘கைய மாத்திரலாம். சொந்தத்த மாத்த முடியலியே.’

கடைசியில், ஒரு மூலையில், குண்டுகுண்டான சின்ன எழுத்தில் நாலு வரி. அது வேறு கை.

‘அண்ணே, ஜாஸ்லினுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பத்திரிகை வைக்க இவிய வரமாட்டேங்காவ. நான் தனியா வந்தா நீ வாங்கமாட்டே. இதையே பத்திரிகையா நெனச்சுக்க. லீதி.’

நான் ரோட்டோரத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை படித்தேன். இத்தனை நாளும் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நான் ஓட்டிக்கொண்டிருந்தது கார் இல்லை, போஸ்ட் கார்டு.

இரண்டு கடை, ஒரு வண்டி

பெரிய எழுத்து ஞானதாஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வயரிங் கடை வைத்திருப்பவர். சாய்ந்த எழுத்து இன்பராஜ். ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். லீதி என்பது லீதியாள். இன்பராஜுக்குக் கூடப்பிறந்த தங்கை, ஞானதாஸுக்குக் கட்டிய மனைவி.

எனக்கு எதற்கு இரண்டு ஊரில் இரண்டு கடை என்று கேட்கலாம். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் அளந்த நிலங்களில் சில இன்னும் வழக்கில் இருக்கின்றன. சாட்சி சொல்ல சம்மன் வரும். கோர்ட்டுக்குப் போவேன், வாய்தா வாங்கிக்கொண்டு வருவேன். காத்திருக்கிற நேரத்துக்கு வண்டியை ஞானதாஸ் கடையில் விடுவேன். வீட்டுக்கு வந்தபிறகு இன்பராஜிடம் விடுவேன்.

தவிர, எங்கள் பக்கத்தில் கார் என்பது ஒரே சாமான் இல்லை. ஸ்பேனர் படுகிற இடமெல்லாம் மெக்கானிக்குக்குச் சொந்தம். ஒயர் ஓடுகிற இடமெல்லாம் வயரிங்காரருக்குச் சொந்தம். ஒருத்தர் இடத்தில் மற்றவர் கை வைப்பது மரியாதை இல்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நான் அளந்த எந்தப் புலத்தின் எல்லையும் இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு காலத்தில் ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள்தான். சில வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் சமயத்தில், சபையின் பாட்டுக்குழுவை ஏற்றிக்கொண்டு போன வேன் செட்டியார்பட்டியில் நின்றுவிட்டது. இரண்டு பேரையும் வரவழைத்தார்கள். இன்பராஜ் பார்த்துவிட்டு வயரிங் என்றார். ஞானதாஸ் பார்த்துவிட்டு மெக்கானிக் என்றார். சபையார் முன்னால் சத்தம் கூடியது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர் என்று ஒருவர் சொல்ல, இவனுக்குப்போய் பெண்ணைக் கொடுத்தோமே என்று மற்றவர் சொல்ல, அதோடு பேச்சு நின்றது.

வேனில் டீசல் இல்லை என்பதை மறுநாள் காலையில் டிரைவர் கண்டுபிடித்தார். அதற்குள் இரண்டு பேருமே ரொம்ப தூரம் போய்விட்டிருந்தார்கள். டீசல் இல்லை என்பதற்காகத் திரும்பி வர முடியாத தூரம்.

லீதியாள் கேட்டது

ஒரு மாசத்துக்கு முன்னால், ஞானதாஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது லீதியாள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. புருஷன் சாமான் வாங்கப் போயிருந்தார். அவள் போகாமல் நின்றாள்.

மகள் ஜாஸ்லினுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. தட்டில் வைத்து, பெண்ணின் அப்பா நேரில் போய்க் கொடுக்க வேண்டும். இன்பராஜ் முதலில் வந்து பேசட்டும், பிறகு வைக்கிறேன் என்கிறார் ஞானதாஸ். முறைப்படி ஞானதாஸ் வந்து வைத்தால்தான் வருவேன் என்கிறார் இன்பராஜ். தாய்மாமன் மாலை போடாமல் பெண் சர்ச்சுக்குள் போனால் பார்க்கிற ஜனம் என்ன நினைக்கும்? ஜனத்தை விடுங்கள், எனக்கு எப்படி இருக்கும் என்றாள்.

"நீங்க சொன்னா அண்ணன் கேக்கும் சார்" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இன்பராஜிடம் போனபோதெல்லாம் ஆக்ஸிலேட்டரைப் பற்றித்தான் பேசினேன். இரு தரப்புத் தகராறில் எழுத்து மூலம் மனு வராமல் அதிகாரி தலையிடக் கூடாது என்று முப்பது வருஷம் உடம்பில் ஊறியிருந்தது. சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு வசதியான காரணமாகவும் இருந்தது. என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லாமல் போன சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

நான் சொல்லமாட்டேன் என்பது தெரிந்த பிறகுதான் அவள் சாக்பீஸை எடுத்திருக்க வேண்டும். வண்டி நின்ற அன்றைக்குக் காலையில் ஞானதாஸ் பானட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் எழுதியிருக்கிறாள். ஆகவே அதை இன்பராஜ் இன்னும் பார்க்கவில்லை. ஞானதாஸும் பார்க்கவில்லை. பார்த்தது நான் ஒருவன். இப்போது எழுத்து மூலம் மனு வந்துவிட்டது.

வண்டியின் வியாதி

வியாதி தொடங்கியது மழைக்காலத்தில், கிளட்ச் பிளேட் மாற்றிய பிறகு. இன்ஜினைக் கிளப்புகிற மோட்டாரான செல்ஃப் சில நாள் எடுக்கும். சில நாள் ‘டக்’ என்று மட்டும் சொல்லும். ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தால், சளி பிடித்த மாதிரி ஒரு குரல் வரும். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க இறுகும். கோயில் யானையின் காலை மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அதைக் கேட்ட சரோஜா என்றைக்கு யானைக் காலை மிதித்தீர்கள் என்று கேட்டாள்.

இன்பராஜின் வழி எளிமையானது. நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்வார். கியரில் போட்டு விட்டால் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். "பாத்தீகளா, இன்ஜின்ல ஒண்ணுமில்ல" என்பார். ஆக்ஸிலேட்டர் ஒயரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகிப் போயிருக்கும். புது ஒயர் போடுவார். அது ஏன் உருகுகிறது என்பது வேறு இலாகா.

ஞானதாஸின் வழி வேறு. கடையில் இருக்கும் பெரிய பேட்டரியிலிருந்து இரண்டு கம்பியைக் கொண்டுவந்து நேராக இன்ஜின் மேலேயே வைத்துப் பார்ப்பார். செல்ஃப் பிய்த்துக்கொண்டு சுற்றும். "பாத்தீகளா சார், கரண்ட்ல ஒண்ணுமில்ல" என்பார். செல்ஃபைக் கழற்றி கார்பன் மாற்றினார், பேட்டரி முனையெல்லாம் சுரண்டிச் சுத்தம் பண்ணினார். இவர் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. வண்டி மட்டும் எடுக்கவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று சரோஜா சொன்னாள். வாங்குகிறவனிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்றாள்.

கான்சாபுரத்து வாய்க்கால்

வேப்பமரத்தடியில் நின்றபோது எனக்கு கான்சாபுரம் நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த புதிது. இரண்டு பங்காளிகளின் வயலுக்கு நடுவில் ஒரு வாய்க்கால். பொதுவாக எல்லைத் தகராறு என்றால் இரண்டு பேரும் எனது என்பார்கள். அங்கே அதிசயமாக இரண்டு பேரும் எனது இல்லை என்றார்கள். யாருடையது என்று முடிவானால் அவர் தூர் வார வேண்டும். வருஷக்கணக்காக யாரும் வாராமல் வாய்க்கால் மேடாகி, இரண்டு வயலும் காய்ந்து கிடந்தன.

நான் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரப்பை வைத்து மட்டும் அளந்துவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். எல்லை அளக்கும்போது இரண்டு பக்கத்துக்காரனும் அந்த இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது அளவு இல்லை, உலாவல் என்றார். திரும்பப் போய் இருவரையும் நிறுத்தி அளந்தேன். வாய்க்கால் ஆளுக்குப் பாதி.

இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் காருக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் எனக்கு ஆறு மாசம் ஆகியிருக்கிறது. இந்த இரண்டு பேரும் ஒருநாளாவது ஒரே நேரத்தில் அந்த வண்டிப் பக்கம் நின்றதில்லை.

இரு தரப்புக்கும் நோட்டீஸ்

முதலில் ஞானதாஸுக்குப் போன் பண்ணினேன். இன்னாரும் வருவாரா என்று பெயர் சொல்லாமல் கேட்டார். வரமாட்டார் என்றேன். அடுத்து இன்பராஜுக்கு. அவரும் அதையே கேட்டார். அதையே சொன்னேன். அரசு ஊழியனாக இருந்த காலத்தில் நான் பொய் சொன்னதில்லை என்று இல்லை, ஒரே பொய்யை ஐந்து நிமிஷத்தில் இரண்டு தடவை சொன்னதில்லை.

மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் மலைமேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. மண்வாசனை மட்டும் ரோடு வரைக்கும் வந்தது. பானட்டை மூடிவைக்கலாமா என்று யோசித்தேன். லீதியாளின் வரியை யார் முதலில் படிப்பார், படித்துவிட்டு என்ன செய்வார் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. மூடவில்லை. சாட்சியை மறைப்பது என் வேலை இல்லை.

ஞானதாஸ் முதலில் வந்தார். பைக்கின் பின்னால் லீதியாள். எந்த வண்டி என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாளாம். வந்து இறங்கியதும் திறந்திருந்த பானட்டைப் பார்த்தாள். முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்தேன்.

ஞானதாஸ் டெஸ்டர் லைட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். படித்தார். எவ்வளவு நேரம் படிக்க முடியும், நாலு வரிதான். அவர் ரொம்ப நேரம் படித்தார். மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையில் இருந்து இன்பராஜின் பைக் வந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பப் போனார். தங்கையைப் பார்த்ததும் கால் ஊன்றினார். இறங்கி வந்து, யாரிடமும் பேசாமல் பானட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்தார். அவரும் படித்தார். இரண்டு பேரும் ஒரே பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

லீதியாள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

அடிங்க

"சார், உள்ள உக்காந்து செல்ஃப் அடிக்கீகளா" என்றார் ஞானதாஸ். உட்கார்ந்தேன். அடி என்றபோது பதற்றத்தில் ஹாரனை அடித்தேன். விடு என்றபோது சாவியைத் திருப்பினேன். என்னை இறங்கச் சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் இல்லை. இன்பராஜ் சீட்டில் உட்கார்ந்தார்.

ஒருவர் சொன்னால்தான் மற்றவர் சாவியைத் திருப்ப முடியும். யாரையும் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்து, "அடிங்க" என்றார் ஞானதாஸ்.

‘டக்.’

"விடாம அடிங்க."

இன்பராஜ் சாவியை விடாமல் பிடித்தார். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. ஞானதாஸ் ஆக்ஸிலேட்டர் ஒயரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று உதறினார். இன்பராஜ் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"சுட்டுருச்சா?"

"ஆக்ஸிலேட்டர் ஒயர்ல கரண்டு போவுது" என்றார் ஞானதாஸ், விரலை ஊதிக்கொண்டே.

அதற்கு மேல் எனக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது, அவர்களுக்கு இல்லை. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃபுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமானால், இன்ஜினையும் வண்டியின் பாடியையும் இணைக்கிற ஒரு தடித்த ஒயர் வேண்டும். எர்த் ஒயர் என்பார்கள். அது விட்டுப்போனால் கரண்ட் கிடைத்த வழியில் திரும்பும். கிடைத்தது ஆக்ஸிலேட்டர் ஒயர். அது சூடேறி, உருகி, இறுகும். அந்த எர்த் ஒயர் கியர் பாக்ஸில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். ஒயர் வயரிங்காரருடையது. போல்ட் மெக்கானிக்குடையது. வாய்க்கால்.

ஞானதாஸ் இடுக்கில் கையை விட்டுத் துழாவி, கறுத்துப்போன ஒரு ஒயரின் நுனியை வெளியே இழுத்தார். ஒரு முனை பாடியில் பத்திரமாக இருந்தது. இந்த முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் இருந்த வளையம், போல்ட் மாட்டும் ஓட்டையோடு, முழுசாக இருந்தது.

கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கும்போது இந்த ஒயரைக் கழற்ற வேண்டும். ஏற்றும்போது மாட்ட வேண்டும். கிளட்ச் மாற்றியது இன்பராஜ்.

சபையார் முன்னால் கிடைக்காமல் போன தீர்ப்பு, இத்தனை வருஷம் கழித்து, ஞானதாஸின் கையில் இருந்தது. இன்பராஜின் முகம் சுண்டிவிட்டது. லீதியாள் புருஷனையே பார்த்தாள். இனி அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தைதான் தன் மகளின் கழுத்து மாலை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஞானதாஸ் அந்த வளையத்தை விரலால் துடைத்தார். ஒரு தடவை மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"எலி கடிச்சிருக்கு சார்" என்றார்.

விரல் தண்டிக்குப் பின்னிய செம்பு ஒயர். அதைக் கடிக்கிற எலி இருந்தால் அதை மிருகக்காட்சி சாலையில்தான் வைக்க வேண்டும். இன்பராஜ் ஸ்பேனரையும் ஒரு போல்ட்டையும் எடுத்துக்கொண்டு, ரோட்டில் மல்லாந்து, வண்டிக்கு அடியில் போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"எலி ஒண்ணும் கடிக்கல மாப்ள. கிளட்ச் எறக்குனப்ப நான்தான் மாட்ட மறந்துட்டேன்."

"இல்ல மச்சான். எலிதான்."

"ஓட்ட முழுசா இருக்குல்லா."

"எலி ஓரத்துல கடிச்சிருக்கு. ஒங்களுக்கு கீழ இருந்து தெரியாது."

"எனக்குத் தெரியாம என்ன? நான் மாட்டல."

"நீங்க மாட்டத்தான் செஞ்சீக. எலி கழட்டியிருக்கு."

போல்ட் ஏறியது. ஞானதாஸே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆறு மாசமாக நான் கேட்காத சத்தம். அதைக் கொண்டாட அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. இன்பராஜ் வெளியே வந்து, முதுகு மண்ணைத் தட்டாமல், தப்பு தன்னுடையதுதான் என்று நிரூபிப்பதில் இறங்கினார். ஞானதாஸ் எலியின் பல் அமைப்பைப் பற்றி விளக்கினார். குரல் ஏறியது. பழையபடி சண்டை வந்துவிடும் போலிருந்தது. முப்பது வருஷம் எல்லை அளந்தவன் நான், தப்பை எதிராளிக்கு விட்டுக்கொடுக்க மறுத்து இரண்டு பேர் மல்லுக்கட்டி நான் பார்த்ததே இல்லை.

லீதியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எலியோ எங்க அண்ணனோ, யாராவது ஒருத்தர் கல்யாணத்துக்கு வந்து சேருங்க" என்றாள்.

இன்பராஜ் ஸ்பேனரை ஒரு துணியில் நிதானமாகத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லாத பிறகும் துடைத்தார்.

"சர்ச்சுல எத்தன மணிக்கு?" என்று கேட்டார். தங்கையிடம் கேட்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.